பறக்க ஒரு லைசன்ஸ், பேச ஒரு லைசன்ஸ்

எங்க பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. பார்க்க பேங்க் பாஸ்புக் மாதிரி இருக்கும். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் தபால் ஆபீஸ் முத்திரை. என்னன்னு கேட்டா, “அது ரேடியோ லைசன்ஸ்டா, வருஷா வருஷம் போய்ப் பணம் கட்டணும்” என்றார். வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்கவா லைசன்ஸ்? ஆமாம். 1980கள் வரைக்கும் நம்ம நாட்டில் அப்படித்தான். டிரான்சிஸ்டர் வைத்திருந்த எத்தனையோ பேர் அதைக் கட்டாமல் டிமிக்கி கொடுத்ததும் உண்டு.

அது காதுக்கான லைசன்ஸ். இன்னைக்கு நாம பேசப்போறது வாய்க்கான லைசன்ஸ் பற்றி. அதுவும் தரையில் இல்லை, வானத்தில்.

ஒருத்தர் சொந்தமா ஒரு குட்டி விமானம் வாங்குறார்னு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உட்காரும் செஸ்னா. ஓட்ட பைலட் லைசன்ஸ் வேண்டும், விமானத்துக்குப் பதிவு எண் வேண்டும், பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் வேண்டும். இதெல்லாம் நாம ஊகிக்கக்கூடியதுதான். இதற்கு மேல், உலகின் பல நாடுகளில் இன்னும் இரண்டு காகிதம் கேட்பார்கள். விமானத்தில் இருக்கும் ரேடியோவுக்கு ஒன்று. அந்த ரேடியோவில் பேசும் ஆளுக்கு ஒன்று. மெஷினுக்குத் தனி, வாய்க்குத் தனி.

இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன? இதில் ஒன்று ஏன் லேசாகிக்கொண்டே போனது, இன்னொன்று ஏன் கனமாகிக்கொண்டே வந்தது? அதுதான் இன்றைய கதை. ஆரம்பம் வானத்தில் இல்லை, கடலில்.

1912 ஏப்ரல் 14, இரவு. டைட்டானிக் கப்பலின் ரேடியோ ஆபரேட்டர் ஜாக் பிலிப்ஸ் வேலையில் மூழ்கி இருக்கிறார். பயணிகளின் தந்திகளை கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், குவிந்து கிடக்கிறது. அப்போது பக்கத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பலில் இருந்து சிரில் எவன்ஸ் என்ற ஆபரேட்டர் குறுக்கே வருகிறார். பனிக்கட்டிகள் சூழ்ந்து தங்கள் கப்பல் நின்றுவிட்டது என்று சொல்ல வந்தார். கப்பல் பக்கத்தில் இருப்பதால் சிக்னல் காதைக் கிழிக்கிறது. பிலிப்ஸ் கடுப்பாகி, வாயை மூடு, நான் வேலையாக இருக்கிறேன் என்ற மாதிரி பதில் அடித்துவிட்டார். எவன்ஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுமார் 11.30 மணிக்கு செட்டை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். அந்தக் கப்பலில் அவர் ஒருத்தர்தான் ஆபரேட்டர். 24 மணி நேரமும் காது கொடுத்துக்கொண்டு இருக்கணும்னு எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

சுமார் 1,500 பேர் இறந்தார்கள். எவன்ஸ் விழித்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நூறு வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் நாம போக வேண்டாம். நமக்கு முக்கியம் அதற்கடுத்த நாள். கப்பல் பத்திரமாக இருக்கிறது, ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்து வருகிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. முழுப் பொய். காற்றில் யார் யாரோ அனுப்பிய செய்திகள் ஒன்றோடு ஒன்று கலந்து இப்படி ஆகிவிட்டது என்றார்கள். பழி அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தலையில் விழுந்தது.

பிரிட்டனில் 1904லேயே ரேடியோவுக்கு லைசன்ஸ் சட்டம் வந்துவிட்டது. 1906ல் பெர்லினில் நாடுகள் கூடி, கப்பல் ஆபரேட்டருக்குச் சான்றிதழ் வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டன. ஆனால் அமெரிக்காவில் அதுவரை யார் வேண்டுமானாலும் ஒரு செட்டைச் செய்து மாடியில் கம்பி கட்டிப் பேசலாம். டைட்டானிக் மூழ்கி நாலே மாதத்தில், 1912 ஆகஸ்டில், அங்கேயும் சட்டம் வந்தது. நிலையத்துக்கு லைசன்ஸ், ஆபரேட்டருக்கு லைசன்ஸ். மெஷினுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்ற ஜோடி கடலில் இருந்துதான் வந்தது. அன்றைக்கு வாய் என்பதுகூடச் சரியில்லை. எல்லாம் மோர்ஸ் கட்டைதான், அதனால் விரல் என்று சொல்லணும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஊர்த் திருவிழாவில் மேடைக்கு ஒரே ஒரு மைக் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் பேசினால் இன்னொருத்தர் காத்திருக்கணும். யாரோ ஒரு சின்னப் பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் “ஹலோ, ஹலோ” என்றால் மொத்தத் திருவிழாவும் நின்றுவிடும். ரேடியோ அலைவரிசை அப்படிப்பட்டது.

விமானத்தில் இது இன்னும் மோசம். தரையில் இரண்டு பேர் வாக்கி டாக்கியில் பேசினால் சில கிலோமீட்டர் தூரம் கேட்கும். அதே செட்டைப் பத்தாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டு போனால், நேர்கோட்டில் தெரியும் இடமெல்லாம் கேட்கும். அந்த உயரத்தில் இருந்து அடிவானம் சுமார் 200 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கு மேலே பறக்கும் ஒரு விமானத்தில் மைக் பட்டன் சிக்கிக்கொண்டால், அந்த அலைவரிசையில் திருப்பதி, வேலூர், விழுப்புரத்துக்கு மேலே இருப்பவர்களும் பேச முடியாது. ஒருத்தருடைய கட்டைவிரல் போதும்.

சரி, வானத்துக்குப் போவோம். 1910 ஆகஸ்ட் 27. நியூயார்க் பக்கத்தில் ஷீப்ஸ்ஹெட் பே என்ற குதிரைப் பந்தய மைதானம். ஜான் மெக்கர்டி என்ற கனடாக்காரர் ஒரு கர்டிஸ் விமானத்தில் ஏறினார். உடம்பை மூட ஒரு தகரம்கூட இல்லாத, மூங்கிலும் துணியுமாக இருந்த காலத்து விமானம். ஸ்டியரிங் வீலிலேயே ஒரு மோர்ஸ் கட்டை, பின்னால் வால் மாதிரி தொங்கும் கம்பிதான் ஆண்டெனா. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே தட்டினார், கீழே கேட்டது. பறக்கும் விமானத்தில் இருந்து தரைக்கு வந்த முதல் ரேடியோ செய்தி அதுதான். அடுத்த வருஷங்களில் உலகப் போர் வந்தது, பீரங்கி குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து சொல்ல விமான ரேடியோ பயன்பட்டது. போர் முடிந்தபோது இது பொம்மை இல்லை என்று எல்லா அரசுகளுக்கும் புரிந்துவிட்டது.

அதனால்தான் 1919 அக்டோபரில் பாரிஸில் விமானப் போக்குவரத்துக்கான முதல் பெரிய சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அதன் 14வது பிரிவில் கப்பல் சட்டத்தை அப்படியே தூக்கி வைத்தார்கள். விமானத்தில் ரேடியோ கொண்டு போக வேண்டுமானால் அந்த விமானத்தின் சொந்த நாடு தனி லைசன்ஸ் தர வேண்டும். அதை இயக்கும் சிப்பந்திக்கும் தனி லைசன்ஸ் வேண்டும். எனக்கு இதில் தோன்றுவது என்னவென்றால், அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருந்தது பாதுகாப்பு மட்டும் இல்லை. பயமும்தான். அடுத்த நாட்டு விமானம் என் தலைக்கு மேலே பறந்துகொண்டே யாரோடு என்ன பேசுகிறது? நாலு வருஷம் போர் நடத்திய ஆட்கள் அப்படித்தானே யோசிப்பார்கள்?

கொஞ்ச காலத்தில் மோர்ஸ் போய் குரல் வந்தது. லண்டன் பக்கத்தில் கிராய்டன் விமான நிலையம், பாரிஸுக்குப் போய்வரும் விமானங்கள் நிறைய. 1920களின் தொடக்கத்தில் அங்கே ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடெரிக் மாக்ஃபோர்டிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். ஆபத்தில் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும், ஆங்கிலேயருக்கும் புரியணும், பிரெஞ்சுக்காரருக்கும் புரியணும். எஸ்.ஓ.எஸ். மோர்ஸில் அழகு, ஆனால் இரைச்சலான ரேடியோவில் ‘எஸ்’ என்ற எழுத்து காதில் விழாது. அவர், எனக்கு உதவுங்கள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லை ஒட்டி ‘மேடே’ என்று வைத்தார். 1927ல் வாஷிங்டன் மாநாடு அதை உலகத்துக்கே பொதுவாக்கியது. குரலில் பேசுவது என்று வந்துவிட்டால் எந்தச் சொல், யாருக்குப் புரியும் என்ற கேள்வி வந்துவிடுகிறது. லைசன்ஸ் சட்டங்கள் இந்தக் கேள்விக்கு வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது.

நம்ம ஊர்ப் பக்கம் அப்போது என்ன நிலை? 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து பம்பாய்க்கு தபால் மூட்டையோடு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டு வந்தார். அந்த பஸ் மாத் விமானத்தில் ரேடியோவே கிடையாது. கீழே ரயில் பாதையைப் பார்த்துப் பறப்பதுதான். ரேடியோ இல்லையென்றால் லைசன்ஸ் தொல்லையும் இல்லை, பாருங்க. அடுத்த வருஷம், 1933ல், லைசன்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றம் என்று இந்தியாவில் சட்டம் வந்தது. பாட்டியின் டிரங்குப் பெட்டிப் புத்தகத்துக்குப் பின்னால் இருந்ததும் அதே வயர்லெஸ் சட்டங்கள்தான்.

இப்போது ஒரு தனியார் விமானத்தின் கதை. பெயர் சொன்னாலே தெரியும், அமீலியா இயர்ஹார்ட். 1937ல் உலகைச் சுற்றக் கிளம்பினார். அவருடைய லாக்ஹீட் எலெக்ட்ராவுக்கு ரேடியோ அழைப்புப் பெயர் இருந்தது: கே.எச்.ஏ.க்யூ.க்யூ. வானொலியில் ஒரு விமானத்துக்குப் பெயர் வைப்பதே லைசன்ஸ்தான். அவர் பேசிய அலைவரிசைகள் 3105, 6210 கிலோ சைக்கிள். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றும் தனியார் விமானங்களுக்கு ஒதுக்கியவை. ஆக, காகித அளவில் மெஷின் சுத்தம்.

ஆள் விஷயம்தான் இடித்தது. முதலில் அவரோடு ஹாரி மேனிங் என்ற கப்பல் கேப்டன் இருந்தார், மோர்ஸும் ரேடியோவும் கைவந்தவர். மார்ச் மாதம் ஹோனலூலுவில் விமானம் ஓடுபாதையில் அடிபட்டு, பயணம் தள்ளிப் போனபோது அவர் விலகிவிட்டார். மிச்சம் இருந்தது அமீலியாவும் வழிகாட்டி ஃபிரெட் நூனனும். இருவருக்குமே மோர்ஸ் சரளம் இல்லை. ஜூலை 2ம் தேதி, நியூ கினியின் லே நகரத்தில் இருந்து பசிபிக் நடுவில் இருக்கும் ஹவ்லாண்ட் என்ற துக்கடா தீவை நோக்கிப் பறந்தார்கள். 4,000 கிலோமீட்டருக்கு மேல், கீழே தண்ணீர் மட்டும். தீவுக்குப் பக்கத்தில் இட்டாஸ்கா என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் காத்திருந்தது.

இட்டாஸ்காவில் இருந்தவர்களுக்கு அமீலியாவின் குரல் நன்றாகக் கேட்டது. உங்களுக்கு மேலேதான் இருக்கணும், ஆனால் தெரியவில்லை, எரிபொருள் குறைகிறது என்கிறார். அவர்கள் பதிலுக்குப் பேசுகிறார்கள், அவருக்குக் கேட்கவில்லை. கப்பலை 7500ல் சிக்னல் அனுப்பச் சொல்கிறார், திசை பிடிப்பதற்காக. அனுப்பினார்கள். அது கேட்டது! ஆனால் திசை பிடிபடவில்லை. அவர் வைத்திருந்த திசைகாட்டும் கருவி அவ்வளவு உயரமான அலைவரிசைக்கு ஏற்றதல்ல. மோர்ஸில் பேசிச் சரிசெய்துகொள்ளவும் வழியில்லை. கேட்கும் தூரத்தில் வந்து, ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டது.

அவர் என்ன ஆனார் என்று ஆயிரம் கதை உண்டு. யூடியூபில் தேடினால் விடிய விடியப் பார்க்கலாம். ஆனா அந்தக் காலை நேரத்து ரேடியோ குறிப்புகளைப் படித்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். செட்டுக்குப் பெயரும் எண்ணும் கொடுத்துவிடலாம், பேசும் ஆளும் கேட்கும் ஆளும் முன்கூட்டியே ஒரே முறைக்கு வந்திருக்காவிட்டால் அந்த எண் எதற்கு உதவும்?

1944ல் சிகாகோவில், போர் இன்னும் முடியாதபோதே, நாடுகள் மறுபடி கூடின. இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. இன்றைக்கும் உலக விமானப் போக்குவரத்தின் அடிப்படைச் சட்டம் அதுதான். அதன் 30வது பிரிவில் அதே பழைய ஜோடி: ரேடியோவுக்கு, விமானம் பதிவான நாட்டின் லைசன்ஸ். பேசுபவருக்கு, அதற்கென்றே ஒரு லைசன்ஸ். அடுத்த நாட்டு வானத்தில் அந்த நாட்டு விதிப்படிதான் பேசணும்.

போருக்குப் பிறகு அமெரிக்காவில் குட்டி விமானங்கள் பெருகின. எஃப்.சி.சி. என்ற தகவல் தொடர்பு ஆணையம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரேடியோ லைசன்ஸ் கொடுத்துக்கொண்டே இருந்தது. பைலட்டுக்கும் ஒரு அனுமதி அட்டை. இந்த அட்டை ஒரு வேடிக்கை. பரீட்சை கிடையாது. எனக்குப் பேச வரும், காது கேட்கும், தோராயமாகப் பதிவேடு எழுத முடியும், விதிகள் தெரியும் என்று நீங்களே உறுதி சொல்லி விண்ணப்பிக்க வேண்டியதுதான். ஆயுள் முழுக்கச் செல்லும்.

கொஞ்சம் யோசித்தால் மெஷின் லைசன்ஸின் தேவை கரைந்துவிட்டது புரியும். 1912ல் செட்டை ஆளாளுக்கு வீட்டில் செய்தார்கள், அதனால் ஒவ்வொன்றையும் பார்க்கணும். 1990களில் தொழிற்சாலையிலேயே சோதித்து அங்கீகரித்த செட்டுகள் வருகின்றன. அலைவரிசையும் யாருக்கும் தனியாக ஒதுக்குவது இல்லை, 118ல் இருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லோரும் பகிர்ந்துகொள்வதுதான். 1996ல் அமெரிக்க காங்கிரஸ் புதிய தகவல் தொடர்புச் சட்டம் போட்டு, இனி விதியே லைசன்ஸ் என்று சொல்ல எஃப்.சி.சி.க்கு அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் உள்நாட்டில் மட்டும் பறக்கும் தனியார் விமானங்களுக்குத் தனி லைசன்ஸ் போனது. பைலட்டின் அட்டையும் உள்நாட்டுக்கு வேண்டாம் என்றானது. சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் சிகாகோ ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. எல்லை தாண்டிக் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போனால் அந்த இரண்டு காகிதமும் இன்றும் வேண்டும். ஒரே விமானம், ஒரே ரேடியோ, ஒரே பைலட். ஒரு கோட்டைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது.

அதே 1996. அடுத்த மாதம், நவம்பர் 12, மாலை. இடம் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி.

டெல்லியில் இருந்து கிளம்பிய சவுதியா 747 மேலே ஏறுகிறது. கஜகஸ்தானில் இருந்து வரும் இல்யூஷின் 76 கீழே இறங்குகிறது. அன்றைக்கு டெல்லிக்கு வரும் விமானங்களும் போகும் விமானங்களும் ஒரே வான்பாதையைத்தான் பயன்படுத்தின. சவுதி விமானத்துக்கு 14,000 அடி, கஜக் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே விமானம் வருகிறது, தெரிந்தால் சொல்லுங்கள் என்று கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். டெல்லியின் ரேடார் உயரத்தைக் காட்டாத பழைய ரகம், அதனால் கஜக் விமானம் 15,000க்குக் கீழே நழுவியது அவருக்குத் தெரியாது.

கஜக் விமானத்தில் தரையோடு பேசுவதற்கென்றே ஒரு ரேடியோ ஆபரேட்டர் இருந்தார், டைட்டானிக் காலத்து மாதிரி. அவர் உட்காரும் இடத்தில் உயரம் காட்டும் கருவி இல்லை. பைலட்டுகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காதில் வரும் ஆங்கிலம் ஒருத்தருக்கு, கையில் இருக்கும் விமானம் இன்னொருத்தருக்கு. நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தலைமையிலான விசாரணை, விமானம் கொடுத்த உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்றது. அந்தக் குழுவினரின் ஆங்கிலம் போதாமல் இருந்ததையும் சுட்டிக்காட்டியது. 349 பேர் இறந்தார்கள். சவுதி விமானத்தில் இருந்த பலர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம்ம நாட்டு ஆட்கள். வானத்தில் இரண்டு விமானம் மோதி இவ்வளவு பேர் இறந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதன் பிறகு டெல்லியில் பாதைகள் பிரிக்கப்பட்டன, உயரம் காட்டும் ரேடார் வந்தது, மோதல் தவிர்க்கும் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. மொழி விஷயத்தை இந்தியா சர்வதேச சிவில் விமான அமைப்பிடம் கொண்டு போனது. அந்த அமைப்பு 2003ல் ஒரு விதியை ஏற்றது, 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சர்வதேச வழிகளில் பறக்கும் பைலட்டுகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித் தேர்வு. ஆறு நிலை, குறைந்தது நாலாவது நிலை வேண்டும். நாலில் இருந்தால் மூணு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி தேர்வு. இதில் எனக்குப் பிடித்தது, உச்சரிப்பு லண்டன்காரர் மாதிரி இருக்கணும்னு கேட்பதில்லை. மதுரை வாடை அடிக்கலாம், மாஸ்கோ வாடை அடிக்கலாம். கேட்பவருக்குப் புரியணும். எதிர்பாராத விஷயம் நடந்தால் அதைச் சொல்லத் தெரியணும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் வேகத்தைக் குறைத்து, வட்டாரச் சொல்லை விட்டுப் பேசணும்.

வாய்க்கான லைசன்ஸ் என்ற பெயருக்கு அர்த்தம் வந்தது அப்போதுதான் என்பேன்.

நம்ம நாட்டில் இதற்கு ஆர்.டி.ஆர். என்று ஒரு பரீட்சை உண்டு. பல பத்தாண்டுகள் அதை நடத்தியது விமானத் துறை இல்லை, தொலைத்தொடர்புத் துறை. ரேடியோ என்றால் தந்திச் சட்டத்தின் பிள்ளை என்ற பழைய உறவு. பைலட் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்க, கணக்கு, வானிலை எல்லாம் தாண்டிவிடலாம், ஆர்.டி.ஆர். வாய்மொழித் தேர்வுதான் வயிற்றைக் கலக்கும் என்பார்கள். எதிரே அதிகாரி கட்டுப்பாட்டாளராக நடிப்பார், நீங்கள் மேசையில் உட்கார்ந்துகொண்டே ஒரு முழுப் பயணத்தையும் பேசிக் காட்ட வேண்டும். 2024ல் வந்த பாரதீய வாயுயான் சட்டம், 2025 ஜனவரி 1ல் இருந்து, இந்தத் தேர்வை டி.ஜி.சி.ஏ.விடம் மாற்றிவிட்டது. விமானம் ஓட்டத் தேர்வு வைப்பவர்களே இனி பேசவும் தேர்வு வைப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பொண்ணு அந்தத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஓஎம்ஆர் ரோட்டு பிஜி ரூமில் தினமும் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று மூணு முறை “மேடே” சொல்லி, கற்பனை விமானத்தின் பெயர், கோளாறு, இருக்கும் இடம், உயரம், உள்ளே எத்தனை பேர் என்று வரிசையாகச் சொல்லிப் பழகும். பக்கத்து ரூம்காரர்கள் முதல் நாள் கதவைத் தட்டி என்ன ஆச்சுன்னு கேட்டாங்களாம். அப்புறம் பழகிப்போச்சு. ஒரு நாள் அது உயரத்தைச் சொல்ல மறந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் கேட்டதாம்: “ஆல்டிட்யூட் சொல்லலையே?”